தெஹியோவிட்ட மலையில் ஒரு கடலோடி

2004 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. விடியற்காலை ஐந்து பத்துக்குப் பேருவளை ஸ்டேஷனில் கொழும்பு ரயிலில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு டிக்கட் இருபத்திரண்டு ரூபாய். கையில் இரண்டு பைகள். ஒன்றில் அரைக் கிலோ மாசிக் கருவாடும் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பும் இருந்தன. மற்றது நிறம் மங்கிய நீலப் பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு கம்பளிச் சட்டை, ஒரு சிறிய ரேடியோ, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய முருகன் படம். அந்தப் பை தங்கராஜ் என்பவருடையது. நான்கு மாதமாக எங்கள் வீட்டு மூலையில் கிடந்தது.

நான் பேருவளையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவள். என் கணவர் நஸீர் ஒரு பலநாள் படகின் ஸ்கிப்பர். ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு போய், மூன்று நான்கு கிழமை ஆழ்கடலில் நின்று மீன்பிடித்துவிட்டுத் திரும்பும் படகுக்குத்தான் பலநாள் படகு என்று பெயர். முப்பத்தெட்டு அடி நீளம், நான்கு பேர். மாலையில் வலை விடுவார்கள். நடுச்சாமத்தில் இழுக்கத் தொடங்கினால் முற்பகல் வரை இழுப்பார்கள். பிறகு மீனை ஐஸில் அடுக்க வேண்டும், கிழிந்த வலையைத் தைக்க வேண்டும், சமைக்க வேண்டும். அதற்குள் அடுத்த மாலை வந்துவிடும். இவற்றுக்கு நடுவே எங்காவது கிடைத்தால்தான் தூக்கம்.

தங்கராஜ் மூன்று வருடம் அந்தப் படகில் இருந்தார். தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். கடைத்தெரு மீன்கடையில் வேலைக்கு நின்று, மீன் லொறியோடு பேருவளைத் துறைமுகத்துக்கு வந்து, ஐஸ் ஏற்றி, கடைசியில் கடலுக்கே போய்விட்டவர். போன ஒக்டோபரில் வலை இழுக்கும் வின்ச்சில் அவருடைய இடது கை சிக்கியது. மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

“அவன் ஒறங்கிட்டான்,” என்று என் கணவர் சொல்வார். “வின்ச்சுக்குப் பக்கத்துல நிண்டுகொண்டே ஒறங்கிட்டான். தல தொங்கினத நான் கண்ணால கண்டேன்.” யாரும் கேட்காமலே சொல்வார். சோற்றுக் கோப்பையின் முன்னால் இருந்துகொண்டு சொல்வார். பையைக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் அடுத்த கிழமை என்பார். வருகிற செவ்வாய்க்கிழமை அடுத்த பயணம் புறப்பட வேண்டும். தங்கராஜின் இடத்துக்கு ஆளும் பிடித்தாயிற்று. பை மட்டும் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவரிடம் மறுபடியும் கேட்டேன்.

“நீ போறண்டா போ. அவன்ட கையப் பாக்க எனக்கு ஏலா,” என்றார்.

அதனால் போனேன்.

ரயில் கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே ஓடியது. களுத்துறைப் பாலத்தில் ஏறும்போது மெல்ல வெளிச்சம் பரவியது. என் வாழ்க்கை முழுவதும் இந்தக் கரையோரத்திலேயே கழிந்திருக்கிறது. மலையென்று நான் பார்த்தது ஆசிரியர் கலாசாலை நாட்களில் போன ஒரு சுற்றுலாவில்தான். தனியாகவா போகிறாய் என்று அண்டை வீட்டு மாமி கேட்டதற்கு, பகலோடு பகலாக வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன்.

ஆறு ஐம்பதுக்குக் கோட்டை. அங்கிருந்து புறக்கோட்டை பஸ் நிலையம் வரை நடந்தேன். யுத்தம் ஓய்ந்திருந்த காலம். மூன்று வருடத்துக்கு முன்பு என்றால் அந்த நீலப் பையை இரண்டு இடத்திலாவது திறந்து காட்டியிருக்க வேண்டும். இப்போது மணல் மூட்டைகள் இருந்த இடத்தில் ஒருவர் அன்னாசி வெட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஏழு பத்துக்கு அவிசாவளை பஸ் புறப்பட்டது. டிக்கட் முப்பத்தொரு ரூபாய்.

பக்கத்து இருக்கையில் ஒரு நடுத்தர வயதுக்காரர். புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் வேலை. தெரணியகலைக்கு அப்பால் ஒரு தோட்டம் அவர் ஊர். மாதம் ஒருமுறை போவாராம். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

“கடலுக்குப் போனவரா? நம்ம ஆளுங்களா?” அவர் சிரித்துவிட்டார். “எங்க தோட்டத்துல கெணத்துல எறங்கக் கூப்பிட்டாலே யாரும் வரமாட்டாங்க டீச்சர்.”

ஹோமாகமை, ஹங்வெல்லை, கொஸ்கமை என்று ஊர்கள் கழிந்தன. கொஸ்கமை தாண்டியதும் வீதியின் இருபுறமும் ரப்பர் மரங்கள். ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு அவிசாவளை. ஒரு பிளேன் டீ ஆறு ரூபாய், மீன் அடைத்த மாலு பணிஸ் ஒன்று பன்னிரண்டு ரூபாய். துணிக்கடைக்காரர் சொன்ன தெரணியகலை பஸ்ஸில் இருவரும் ஏறினோம். தெஹியோவிட்ட ஒன்பது கிலோமீற்றர், ஒன்பது ரூபாய். நான் இறங்கும்போது பையை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்து, “பாத்துப் போங்க,” என்றார்.

தெஹியோவிட்ட கடைத்தெருவை ஐந்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். பஸ் நின்ற இடத்துக்கு எதிரே முச்சக்கர வண்டிகள் நின்றன. முதல் வண்டிக்காரர் சிங்களவர். ஆனால் தமிழ் தங்குதடையின்றி வந்தது. தோட்டத்தின் பெயரையும் தங்கராஜின் பெயரையும் சொன்னேன்.

“எந்தத் தங்கராஜ் நோனா? அங்க நாலு பேரு இருக்காங்க.”

“கையில அடிபட்டவர்.”

“ஆ, முஹுது தங்கராஜ்! ஏறுங்க.”

முஹுது என்றால் சிங்களத்தில் கடல். ஊரில் அவருக்கு அதுதான் பெயராகியிருந்தது. இருநூறு ரூபாய் பேசி ஏறினேன். ஐந்து கிலோமீற்றரில் தார் முடிந்தது. ஒரு சின்னப் பாலத்தருகே வண்டியை நிறுத்தி, “இதுக்கு மேல கல்லு ரோட்டு. பாலம் தாண்டி இடது பக்கம். கோயில் வரும். அதுக்குப் பின்னால புகை தெரியும்,” என்றார்.

அரைக் கிலோமீற்றர் நடை. அது ரப்பர் மரம் இலை உதிர்க்கும் பருவம். காடு முழுவதும் செம்பழுப்பாக இருந்தது. தலைக்கு மேலே வெறுங்கிளைகள். காலுக்குக் கீழே கணுக்கால் வரை சருகு. ஒவ்வொரு மரத்திலும் சரிவாக வெட்டிய கோடும் அதன் அடியில் ஒரு சிரட்டையும். சில சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய காட்டில் என் செருப்புக்கு அடியில் சருகு நொறுங்கும் சத்தம் மட்டும்தான். எங்கள் ஊரில் கடல் ஒரு நிமிடம்கூட வாயை மூடாது. இந்த அமைதி எனக்குப் புதிது.

புகைக்கூடம் தகரக் கூரை போட்ட உயரமான கட்டிடம். உள்ளே மூங்கில் கழிகளில் ரப்பர்ப் பாளங்கள் வரிசை வரிசையாகத் தொங்கும். கீழே விறகடுப்பு எரியும். அடுப்பின் வாயிலில் குந்தியிருந்து, வலது கையால் கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார் தங்கராஜ். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். படகில் இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்து மீன் கொடுத்துவிட்டுப் போகிறவர்தான். இப்போது கொஞ்சம் சதை பிடித்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார். இடது கையைச் சாரத்தின் மடிப்புக்குள் செருகிக்கொண்டார்.

“வாங்க டீச்சர். நீங்களா இவ்வளவு தூரம்?” என்றவர், என் பதிலுக்குக் காத்திராமல் கேட்டார்: “நானா நல்லா இருக்காரா? தூங்குறாரா?”

எங்கள் ஊரில் அண்ணனை அழைப்பதுபோல, என் கணவரை அவர் நானா என்றுதான் அழைப்பார். சுகமா என்று கேட்பவர்கள் உண்டு. தூங்குகிறாரா என்று யாரும் கேட்டதில்லை.

“எங்க ஒறங்குறாரு தம்பி? எழும்பி எழும்பி வெளிய முத்தத்துல நிக்கிறாரு,” என்றேன்.

“நானும் அப்படித்தான் டீச்சர். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா முழிப்பு வந்துடுது. வலை இழுக்கணும்னு ஒடம்பு எந்திரிச்சிடுது. பாத்தா லயத்துக் காம்பரா.”

பையை வாங்கினார். முருகன் படத்தை எடுத்துச் சட்டையில் துடைத்தார். ரேடியோவைத் திருகிப் பார்த்தார், பற்றரி தீர்ந்திருந்தது. அடுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் கடைசிக்கு முந்திய காம்பரா, ஒற்றை அறை. சுவரில் நீலச் சுண்ணாம்பு. மனைவி புவனேஸ்வரி பால் வெட்டப் போயிருந்தாள். பதினொன்றரைக்குப் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். கை முழுவதும் ரப்பர்ப் பால் காய்ந்து தோலுரிந்ததுபோல் இருந்தது. மெலிந்த, வேகமான பெண். நான் யாரென்று தெரிந்ததும் வாளியைச் சுவரோரம் வைத்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, பொரித்த முட்டை. “கோழி வெட்டல டீச்சர். நீங்க திங்கமாட்டீங்கன்னு தெரியும். முட்டை பரவாயில்லதானே?” என்று கேட்டாள். குரலில் கனிவு இல்லை, ஆனால் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை படகு மறுபடியும் புறப்படுவதைச் சாப்பிடும்போது சொல்லியிருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“டீச்சர், ஒண்ணு கேக்கவா? இவரு தூங்கிட்டாருன்னுதான் அங்க பேச்சாமே. மீன்கடையில சொன்னாங்க.”

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அவர் அப்படித்தான் சொல்றாரு தங்கச்சி.”

“தூங்கினது இவரு இல்ல. ஒங்க வீட்டுக்காரரு.”

“புவனா,” என்றார் தங்கராஜ்.

“நீங்க சும்மா இருங்க. நாலு மாசம் நான் சும்மா இருந்தாச்சு.”

தங்கராஜ் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரத்துக்குள்ளிருந்து இடது கையை எடுத்து முழங்கால் மீது வைத்தார். பெருவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் இருக்க வேண்டிய மூன்றும் இல்லை. அதை முதன்முறையாகப் பார்த்தேன். பிறகு அவர் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

மூன்று நாள் மீன் அள்ளிக் கொட்டிய நேரம் அது. அந்த மூன்று நாளிலும் சேர்த்து யாரும் இரண்டு மணித்தியாலம்கூடப் படுக்கவில்லை. ஸ்கிப்பர் அதுவும் இல்லை. நான்காம் நாள் பகல் பத்து மணி, நல்ல வெயில். மற்ற இருவரும் கீழே மீனை ஐஸில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வின்ச்சின் உருளையில் கயிறு சிக்கலாகாமல் பார்த்துக்கொள்வது தங்கராஜின் வேலை. நான்கு அடி தள்ளி நின்று லீவரைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் நிறுத்துவதும் என் கணவரின் வேலை. கயிற்றில் ஒட்டுப்போட்ட முடிச்சு ஒன்று தங்கராஜின் ரப்பர்க் கையுறையைக் கவ்விக்கொண்டது.

“‘நானா, நிப்பாட்டுங்க’ன்னு கூப்பிட்டேன். அவரு என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு டீச்சர். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. கை லீவர் மேலதான் இருந்துச்சு. ஆனா ஆளு அங்க இல்ல. ரெண்டாவதும் கூப்பிட்டேன். மூணாவது கத்துனப்பதான் அவருக்கு ஒடம்பு தூக்கிப் போட்டுச்சு. ஒடனே நிப்பாட்டிட்டாரு. அதுக்குள்ள ஒரு சுத்து வந்திருச்சு.”

“அப்ப அவர் எங்களுக்குச் சொன்னதெல்லாம் பொய்யா?” என்று கேட்டேன்.

“பொய் இல்ல டீச்சர். அவருக்குத் தெரியாது. கண்ணத் தொறந்துக்கிட்டுத் தூங்கினவனுக்குத் தூங்கினது தெரியாது. என் தல தொங்கினதப் பாத்தேன்னு சொல்றாருல்ல, அவரு பாத்துத்தான் இருப்பாரு. கனாவுல பாத்திருப்பாரு. எனக்கும் அப்படி வந்திருக்கு. ஒரு விடியக்காத்தால கடலுக்கு நடுவுல தெரணியகல பஸ் வந்துச்சு. போர்டெல்லாம் தெரிஞ்சுச்சு. நான் ஏறுறதுக்கு எந்திரிச்சிட்டேன். சுனில் அண்ணன் சாரத்தப் புடிச்சு இழுக்காட்டி ஏறியிருப்பேன்.”

சுனில் படகில் இருந்த மற்றவர்களில் ஒருவர். புவனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். இந்தப் பஸ் கதையை அவளும் அதற்குமுன் கேட்டதில்லை என்று தோன்றியது.

“இத ஏன் தம்பி ஆஸ்பத்திரியிலயே சொல்லல்ல?”

அதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை அதிகம் கலக்கியது. அந்த இடத்திலிருந்து கரைக்கு நாற்பத்திரண்டு மணித்தியால ஓட்டம். கையைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு என் கணவர் சுக்கானைப் பிடித்தார். சுனில் கேட்டும் கொடுக்கவில்லை. கடல் தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணில் அடித்துக்கொண்டாராம். தங்கராஜைப் பக்கத்தில் கிடத்தி, “பேசிக்கொண்டே இரு. நீ பேசினாத்தான் நான் ஒறங்கமாட்டேன். நான் பேசினாத்தான் நீ மயங்கமாட்டாய்,” என்றாராம். பேச எதுவும் இல்லாமல் போனபோது தங்கராஜ் தன் ஊர்ப் பாதையைச் சொல்லத் தொடங்கினார். தெஹியோவிட்ட பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டு வாசல்வரை: எந்தத் திருப்பத்தில் என்ன மரம், எந்த வீட்டு நாய் துரத்தும், எந்தக் கல்லில் கால் வழுக்கும். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. எத்தனை தடவை என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

“தூங்கினதும் அவருதான். தூங்காம என்னையக் கரை சேத்ததும் அவருதான். நான் என்னத்த சொல்ல? நீங்களும் சொல்லாதீங்க டீச்சர். கடல்ல நிக்கிற மனுசன். தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவாரு.”

“கரை சேத்தாரு, இல்லேன்னு சொல்லல,” என்றாள் புவனேஸ்வரி. “ஆனா செவ்வாக்கெழம திரும்பவும் போறாருன்னு சொல்றீங்க. அதே மிசின். அதே தூக்கம். இவரு எடத்துல இப்ப யாரு நிக்கிறாங்க? அவங்க வீட்டுலயும் ஒருத்தி இருப்பாதானே? நீங்க சொல்லுங்க டீச்சர். கட்டாயம் சொல்லுங்க.”

ஆறிப்போன பிளேன் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன்.

புறப்படும்போது தங்கராஜ் என்னைப் புகைக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த ரோலர்க் கொட்டிலுக்கு அழைத்துப்போனார். உறைந்த ரப்பர்ப் பாலை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தட்டையாக்கும் இயந்திரம். அதன் அடியில் தரையோடு ஒட்டி ஒரு கம்பி ஓடியது.

“இத மிதிச்சா மிசின் நின்னுரும். யாரு கை உள்ள போகுதோ, அவன் காலுக்கிட்டயே நிப்பாட்டுறதும் இருக்கு. படகுல அப்படி இல்ல. என் கை உருளையில, நிப்பாட்டுறது இன்னொருத்தரு கையில.” கம்பியைக் காலால் தொட்டுக் காட்டினார். “சொல்றதுன்னா இதையும் சேத்துச் சொல்லுங்க.”

அப்போதுதான் புரிந்தது. சொல்லாதீர்கள் என்று கேட்டவரும் நான் சொல்லத்தான் போகிறேன் என்று அறிந்திருந்தார்.

இரண்டு நாற்பதுக்குத் தெஹியோவிட்டவில் பஸ். அவிசாவளையில் மாறி ஏறியபோது ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த இருக்கை கிடைத்தது. வெயில் சாய்ந்து நேரே கண்ணில் விழுந்தது. நடத்துநர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் வந்து ஓட்டுநரோடு ஏதாவது பேசிவிட்டுப் போனார்; வெற்றிலை மடித்துக் கொடுத்தார். இன்று எத்தனையாவது ஓட்டம் என்று சிங்களத்தில் கேட்டேன். நான்காவது என்றார் ஓட்டுநர். தூக்கம் வராதா என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எனக்கு வராது மிஸ். வந்தால் எனக்குத் தெரியுமே,” என்றார்.

அதன்பிறகு கொழும்பு வரும்வரை அந்தக் கண்ணாடியில் அவருடைய கண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீடு சேர இரவு எட்டாகிவிட்டது. அன்று எதுவும் சொல்லவில்லை. பையைக் கொடுத்தேன், நன்றாக இருக்கிறார், புகைக்கூடத்தில் வேலை என்று மட்டும் சொன்னேன். ஞாயிறு காலை சுபஹ் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் உட்கார்ந்து வலைத் துண்டு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கேட்டது அத்தனையையும் கேட்ட வரிசையிலேயே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. பஸ்ஸைக் கடலில் கண்ட கதையையும் சொன்னேன்.

முதலில் கோபம் வந்தது. “நான் ஒறங்கினேன் எண்டா செல்றான்? கண்ண முழிச்சிக்கொண்டு நிண்டவன் நான்!” ஊசியை வலையில் குத்திவைத்தார். எழுந்து கிணற்றடி வரை போனார். வாளியைத் தொட்டார், தண்ணீர் எடுக்கவில்லை. திரும்பி வந்து என் எதிரே நின்றார்.

“எத்துன தரம் கூப்பிட்டானாம்?”

“மூணு தரம்.”

குத்திவைத்த ஊசியை வலையிலிருந்து உருவினார். பிறகு சொன்னார்: “எனக்கு ஒரு தரம்தான் கேட்டிச்சு.”

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டார். மதியம் சோற்றுக்கும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை படகு புறப்படவில்லை, வெள்ளிக்கிழமைதான் போனது. அதற்குள் துறைமுகத்து லேத் பட்டறையில் ஒரு கம்பி அடித்து, வின்ச் உருளைக்குக் கீழே முழங்கால் தட்டும் உயரத்தில் பொருத்தியிருந்தார்கள். ஐந்தாவதாக ஒருவரும் சேர்ந்திருந்தார். ஐந்து பேருக்குப் படகில் படுக்க இடம் ஏது என்று படகின் சொந்தக்காரர் கேட்டாராம். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் படுக்கப் போவதில்லையே என்று இவர் சொன்னாராம். யார் எப்போது நான்கு மணித்தியாலம் தொடர்ந்து தூங்க வேண்டும் என்று ஒரு பட்டியலை என்னைக் கொண்டு பெரிய எழுத்தில் எழுதுவித்து, சுக்கான் அறையில் ஒட்டினார். முதல் பெயர் நஸீர். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியல் பதினொரு நாள்தான் நின்றது. மீன் விழுந்த இரண்டு நாள் யாரும் அதைப் பார்க்கவில்லை என்று திரும்பி வந்தவர் ஒளிக்காமல் சொன்னார். மூன்றாம் நாள் சுனில்தான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் படுக்க வைத்தாராம்.

ஏப்ரலில், சிங்கள தமிழ்ப் புத்தாண்டு கழிந்த கிழமை, துறைமுகத்தில் படகுகள் சும்மா நின்றன. “வா, போயிட்டு வருவோம்,” என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அதே ரயில், அதே பஸ். முச்சக்கர வண்டி விடுமுறை நாளென்று இருநூற்றைம்பது கேட்டது. ரப்பர்க் காடு இப்போது பளபளக்கும் இளம்பச்சையில் நின்றது. சருகு மட்கி மண்ணோடு சேர்ந்துகொண்டிருந்தது.

பாலத்தில் இறங்கியதும் வழிகாட்ட நான் முன்னால் போனேன். இரண்டு நிமிடத்தில் அவர் என்னைக் கடந்துவிட்டார். “இதுல ஒரு நாய் ஈக்கும். கவனம்,” என்றார். ஒரு நாய் வந்தது. கோயிலுக்கு முன்னால் இருந்த பாசிபிடித்த கல்லைச் சுற்றிக்கொண்டு போனார். அந்த மலையில் ஒருநாளும் கால்வைக்காத மனிதர்.

தங்கராஜ் லயத்து வாசலில் நின்றார். கையை ஒளிக்கவில்லை. என் கணவர் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்தார். புவனேஸ்வரி, “உள்ள வாங்க நானா, வெயில்ல நிக்காதீங்க,” என்றாள். கோழி ஒன்றை உயிரோடு கட்டி வைத்திருந்தாள். நீங்களே உங்கள் முறைப்படி அறுத்துக் கொடுங்கள் என்று இவரிடம் கத்தியை நீட்டினாள். பிறகு ஆண்கள் இருவரும் ரோலர்க் கொட்டிலுக்குப் போய் அந்தக் கம்பியைக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, படகில் பொருத்தியது நான்கு அங்குலம் உயரம் கூடிவிட்டது என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

சாப்பிட்டது ஒன்றரை மணிக்கு. “கொஞ்சம் சாயிறேன்,” என்று இவர் சுவரோரத்துப் பாயில் படுத்தார். படுத்ததும் தூங்கிவிட்டார். பக்கத்துக் காம்பராவில் புத்தாண்டுப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது; புவனேஸ்வரி போய் ஏதோ சொன்னாள், சத்தம் குறைந்தது. தங்கராஜ் வாசல் கதவைப் பாதி சாத்தி வெயிலை மறைத்தார். நாங்கள் மூவரும் வெளியே உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினோம். நான்கு மணிக்கு எழுப்பலாமென்று எழுந்தேன். தங்கராஜ் தலையை அசைத்தார்.

“விடுங்க டீச்சர். அஞ்சரைக்கு இன்னொரு பஸ் இருக்கு.”

உள்ளே எட்டிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்கள் நன்றாக மூடியிருந்தன. பத்தொன்பது வருடத் திருமண வாழ்க்கையில் அவர் பகலில் இப்படித் தூங்கி நான் கண்டதில்லை. ஐந்தரையும் கழிந்தது, கீழே கடைத்தெருவில் அந்தப் பஸ்ஸும் போயிருக்கும். யாரும் அவரை எழுப்பவில்லை.